டொரொன்டோ விடியட்டும்

இந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று அந்த நாட்களில் கேட்டிருந்தால், "கேட்டுச் சொல்லுறன், அக்கா" என்றிருப்பாள். பிறகு டொரொன்டோவில் இருக்கும் மூத்த அண்ணனைக் கேட்டிருப்பாள். அவர் பாரிஸில் இருக்கும் அக்காவைக் கேட்கச் சொல்வார். பாரிஸ் அக்கா, இந்த விஷயமெல்லாம் லண்டன் தம்பிக்குத்தான் விளங்கும் என்பார். லண்டன் தம்பிக்கு இரவு வேலை. தூங்கி எழுந்து, மூத்தவரே முடிவு சொல்லட்டும் என்று கோப்பை மறுபடி டொரொன்டோவுக்கு அனுப்புவார். நானும் அலுவலகத்தில் காலம் தள்ளியவள்தான். ஒரு கோப்பு எத்தனை மேசைகளில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கு நாடுகளில் கிளை வைத்து நடத்தப்பட்ட அலுவலகத்தை இந்த ஒரு குடும்பத்தில் மட்டுமே பார்த்தேன்.

நானும் கணவரும் இப்போது மகளோடு டிரெஸ்டனில் இருக்கிறோம். அதற்கு முன் ஜெர்மனியின் ஹம் நகரில் இருந்த காலத்தில், எங்களுக்கு நேர் கீழ்வீடு அவளுடையது. ஐம்பதைக் கடந்தவள். மணம் முடிக்கவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டு வந்தது, அக்கா. அண்ணை யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர்."

அண்ணன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார் போலும்.

பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஆள் உயரப் பானையை ஒருத்தியாகத் தூக்குவாள். ஒருநாள் எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தபோது தலைமைச் சமையற்காரர் கத்திக்கொண்டு வெளியே ஓட, இவள் பெரிய மூடியை எடுத்து மூடி, அடுப்பை அணைத்து, வெங்காயம் வெட்டப் போய்விட்டாள். அவசரத்துக்கு டொரொன்டோ தேவையில்லை என்று அன்றைக்கே அவள் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடிக்கவில்லை. மாலையில் அண்ணனுக்கு ஃபோன் எடுத்து, மூடினது சரியோ என்று கேட்டாள். சரி என்று அவர் அனுமதி வழங்கினார். தீ அணைந்து அப்போது அரை நாள் ஆகியிருந்தது.

டொரொன்டோ எங்களுக்கு ஆறு மணித்தியாலம் பிந்தி விடிகிற ஊர். ஆகவே கீழ்வீட்டில் மதியத்துக்கு முன் எந்த முடிவும் எடுக்கப்படமாட்டாது. சலவை இயந்திரம் பழுதாகி, புதியது வாங்குவதற்கு மூன்று நாடுகளின் ஒப்புதல் வரும்வரை குளியல் தொட்டியில் துணி தோய்த்தாள். யன்னல் சீலைக்கு நிறம் தேர்ந்தது பாரிஸ். அந்த மஞ்சள் நிறத்தோடு பாரிஸ் வாழப் போவதில்லை என்பதால் துணிந்து தேர்ந்திருக்க வேண்டும்.

வெதுப்பகத்தில் ரொட்டி வாங்க அவளோடு வரிசையில் நிற்பது ஒரு தனி வேதனை. "பாணை வெட்டித் தரட்டுமா, முழுதாகவா?" என்று விற்பனைப் பெண் கேட்பாள். இவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். பின்னால் ஜெர்மன்காரர்கள் நிற்பார்கள். இந்த நாட்டில் வரிசையைத் தாமதப்படுத்துவது ஏறக்குறைய ஒரு குற்றம்.

"உமக்கு எப்படி விருப்பம்?" என்பேன்.

"எப்படியெண்டாலும் சரி. நீங்கள் சொல்லுங்கோவன், அக்கா."

நான் வெட்டச் சொல்வேன். அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள், ஏதோ நான் அவளைப் பிணையில் எடுத்துவிட்டது போல.

பித்தப்பையில் கல் என்று சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தபோதும் கூடப் போனேன். மொழிபெயர்க்க அல்ல. அவளுடைய ஜெர்மன் நல்ல ஜெர்மன். வைத்தியர் விளக்கமெல்லாம் சொல்லி முடித்து, சம்மதமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பித்தப்பை யாருடையது?"

"என்னுடையதுதான், டொக்டர். ஆனால் அங்கே இன்னும் விடியவில்லை."

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த ஈரலின் படத்தைப் பார்த்தேன்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் நடந்தது. அவளைச் சமையலறைப் பொறுப்பாளராக்க இல்லத்தின் நிர்வாகி விரும்பினார். கேட்டுச் சொல்லுறன் என்று வந்தாள். பொறுப்பு எடுத்தால் தலையிடி என்று டொரொன்டோ தீர்ப்பளித்தது. அந்தப் பதவி அவளிடமே தொழில் பழகிய ஒருத்திக்குப் போனது. அதன் பிறகு இவள் லீவு எடுப்பதற்கு அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓய்வூதிய அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களைப் பரிசீலித்து ஓய்வு பெற்றவள் நான். எந்த அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தோடு எந்தப் பின்னிணைப்பு வைக்க வேண்டும், டெர்மின் என்ற முன்பதிவு நேரம் இல்லாமல் போனால் எந்தக் கதவில் தட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் ஹம் தமிழர்கள் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். நான் யாருக்கும் அபிப்பிராயம் சொல்வதில்லை. நடைமுறையை மட்டும் சொல்வேன். அபிப்பிராயத்துக்கு எதிராக ஆட்சேபம் வரும். நடைமுறைக்கு வராது.

அந்த வருடம் கோடை தொடங்கியபோது டொரொன்டோ ஒரு பெரிய தீர்மானம் நிறைவேற்றியது. அண்ணனின் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பார்க்க ஆள் வேண்டும். தனியாள், பொறுப்பில்லாதவள் (பொறுப்பு வேண்டாம் என்று அவர்கள்தானே சொன்னார்கள்), ஆகவே இவள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்துவிட வேண்டும். பாரிஸும் லண்டனும் ஏகமனதாக ஆமோதித்தன. சபையில் அவளுக்கு வாக்குரிமை இல்லை.

வீட்டை விடுவதென்றால் எப்போது அறிவிக்க வேண்டும், வேலையை எப்படி விடுவது, பென்ஷனில் எவ்வளவு வெட்டு விழும் என்று கேட்டு வந்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மாத முடிவுக்குள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு அந்த வாடகைக்கு இன்னொரு வீடு ஹம்மில் கிடைக்காது, திரும்பி வந்தால் வேலையும் இருக்காது என்பதையும் சொன்னேன்.

"உமக்கு விருப்பமோ?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன்.

"அண்ணை யோசியாமல் சொல்லமாட்டார்," என்றாள். மேசை விரிப்பின் மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவினாள்.

இந்த நிலையில்தான் என் பரிசுச்சீட்டு காலாவதியாகப் பார்த்தது. ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் அன்போடு கொடுத்தது: வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் நடை, இருவருக்கு. ஒரு கிழவியை ஐஸில் ஏற்றிவிட வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் எத்தனை பேருக்கு ஆசை இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். கணவரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஐஸ் பார்க்கவேணுமெண்டால் ஃபிரிட்ஜைத் திறப்பன்," என்றார்.

கீழ்வீட்டுக்குப் போனேன். பதில் உங்களுக்கே தெரியும். சபை இரண்டு மாலைகள் கூடியது. பாரிஸ், கம்பளிக் காலுறை போடு என்றது. லண்டன், யாரோ பனிவெடிப்பில் விழுகிற காணொளி ஒன்றை அனுப்பிவைத்தது. கடைசியில் டொரொன்டோ தீர்ப்பளித்தது: "வரமுதல் உதையும் ஒருக்காப் பார்த்திட்டு வா. ஆனா முன்னுக்குப் போகாதை, பின்னுக்கும் நிக்காதை. நடுவில நில்."

பிராந்திய ரயில்களில் ஒரு முழுப் பகல் பயணம் செய்து, பவேரியாவின் தென்கோடியில் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை பேருந்தில் எல்லையைத் தாண்டினோம். ஜெர்மனி தன் சொந்தப் பனியாறுகளை ஏறக்குறையக் கரைத்து முடித்துவிட்டபடியால், நடந்து பார்ப்பதற்கு அயல்நாட்டில் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

படத்தில் பனியாறு வெள்ளை. நேரில் அது கழுவாத சட்டியின் நிறம். எங்கள் தெருவில் வாசலில் இவ்வளவு ஐஸை வழிக்காமல் விட்டிருந்தால் நகரசபை அபராதம் போட்டிருக்கும். இங்கே அதன்மேல் நடப்பதற்குப் பரிசுச்சீட்டு கொடுக்கிறார்கள்.

வழிகாட்டி தாடி வைத்த இளைஞன். வந்ததும் வராததுமாக எல்லோரையும் 'நீ' என்று அழைத்தான். மலையில் அதுதான் வழக்கமாம். பக்கத்து மேசைக்காரரை நான் வேலைக்காலம் முழுவதும் 'நீங்கள்' என்றே அழைத்து ஓய்வுபெற்றவள். அவன் என் இடுப்பில் பட்டியை மாட்டி, "நீ நல்லாயிருக்கிறாயா?" என்றான். விபத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தில் ஒரு பந்தி சட்டப்படி செல்லாது என்று சுட்டிக்காட்டினேன். மகிழ்ச்சியாகச் சிரித்துவிட்டு, என் சப்பாத்துகளுக்கு அடியில் இரும்பு முள்ளைக் கட்டினான்.

ஒரே கயிற்றில் அறுவர். முன்னால் வழிகாட்டி, அடுத்து விலையுயர்ந்த ஜாக்கெட் அணிந்த ஒரு ஜெர்மன் தம்பதி. அதற்கடுத்து நடுவில் நிற்க வேண்டியவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிராங்பேர்ட்டில் கணினி வேலை செய்யும் ஒரு கோயம்புத்தூர்க்காரர். கடைசியில் நான்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? சூப்பர்!" என்றார் கோயம்புத்தூர். "ஃபர்ஸ்ட் டைமா? டோன்ட் வொரி. டோட்டலி சேஃப். நான் எல்லா ரிவியூவும் படிச்சிட்டேன்."

ஐஸில் நடப்பது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை அகட்டி, ஓங்கி மிதித்து, வாத்து மாதிரிப் போக வேண்டும். எனக்கு மூச்சு வாங்கியது. நான்கு அடிக்கு ஒருமுறை நின்றேன். கயிறு இழுபட, எனக்கு முன்னால் ஐவரும் நிற்க வேண்டியதாயிற்று. அவளோ பானை தூக்குகிற நடையில், ஒரு சொல்லும் பேசாமல், சீராகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறை திரும்பி, "அக்கா, தண்ணி குடியுங்கோ," என்றாள். அவள் முகத்தில் ஒரு சிவப்பு ஏறியிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு வெடிப்புக்கு வந்தோம். உள்ளே அடியில்லாத நீலம். அதன்மேல் கதவகலத்துக்கு ஒரு பனிப்பாலம். இரண்டு எட்டு வைத்தால் அக்கரை. வழிகாட்டி கோலால் குத்திப் பார்த்தான், நடந்து அக்கரை போனான், திரும்பி வந்து, உறுதியாக இருக்கிறது என்றான்.

"ஆனால் இங்கே ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். வருகிறேன் அல்லது வரவில்லை. வேறு யாரும் உங்களுக்காகச் சொல்லக் கூடாது."

தம்பதி வருகிறோம் என்றார்கள். அடுத்தது அவள்.

கையுறையைக் கழற்றி ஃபோனை எடுத்தாள். உயர்த்திப் பிடித்தாள், தாழ்த்திப் பிடித்தாள், வெடிப்பின் பக்கமாக நீட்டியும் பார்த்தாள். ஒரு கோடு கூட இல்லை. டொரொன்டோ விடிந்திருக்கும் நேரம். ஆனால் வழியில் இருந்த மலைகளுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை.

"அக்கா, என்ன செய்வம்?"

"கயிறு இருக்கு, ஆள் இருக்கு, காப்புறுதியும் இருக்கு," என்றேன். "போகலாம்."

நாங்கள் பேசியது தமிழில். ஆனால் வழிகாட்டிக்கு எப்படியோ விளங்கிவிட்டது. "அவள் அல்ல. நீ," என்றான்.

நீண்ட நேரம் நின்றாள். நீலத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வினோதமாகப்பட்டது.

"வரவில்லை," என்றாள் ஜெர்மனில்.

"பயப்படாதே. கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். உன்னால் முடியும்."

"முடியும்," என்றாள். "எனக்கு விருப்பமில்லை."

வழிகாட்டி தலையசைத்தான். பிறகுதான் மற்றவர்களுக்கு நிலைமையை விளக்கினான். ஒரு வழிகாட்டி, ஒரு கயிறு. ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஐஸில் யாரையும் தனியே விட முடியாது.

ஜெர்மன் தம்பதி தங்கள் விலையுயர்ந்த மௌனத்தில் இறங்கினார்கள். கோயம்புத்தூர் இறங்கவில்லை.

"ஆன்ட்டி, சீரியஸாவா? ரெண்டே ஸ்டெப் ஆன்ட்டி! அந்தப் பக்கம்தான் ஐஸ் குகை இருக்கு. அதுக்காகத்தான் லீவு போட்டு வந்தேன். ப்ளீஸ், ஒரு தடவை யோசிங்க."

"யோசிச்சிட்டன், தம்பி. நீங்கள் இன்னொருக்கா வாங்கோ."

மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிறவள் அவள். கேட்கவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். அந்தப் பாலத்தைத் தாண்டத்தான் ஒரு மாதமாகப் படிக்கட்டில் ஏறியிறங்கி முழங்காலைப் பழக்கியிருந்தேன்.

இறக்கத்தில் வழிகாட்டி கயிற்றின் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டுமாம். முன்னால் ஒருவர் தடம் பார்த்து நடக்க வேண்டும். "திரும்பச் சொன்னது நீ. நீ முன்னால் போ," என்று கயிற்றை மாற்றிக் கட்டினான். முன்னுக்குப் போகாதே என்ற டொரொன்டோவின் கட்டளை அந்த இடத்தில் காலாவதியாயிற்று. ஏறிய தடத்தை ஒருமுறையும் தவறவிடாமல் எங்கள் ஐவரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். எனக்காக அடிக்கடி நின்றாள். நிற்கட்டுமா என்று கேட்கவில்லை.

இதைக் கதையாகப் படிக்கிறவர்கள் அந்தப் பாலம் அன்று மாலையே இடிந்து விழுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நானும் கொஞ்சம் எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் என் ஆத்திரம் தீர்ந்திருக்கும். விழவில்லை. மறுநாள் ஒரு பள்ளிக்கூடக் குழு முழுவதும் அதன்மேல் நடந்து குகைக்குப் போய்ப் படமெடுத்து வந்ததாக விடுதிக்காரி சொன்னாள். அவள் சொன்ன 'வரவில்லை'யில் தீர்க்கதரிசனம் எதுவும் இல்லை. அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அன்று மாலை விடுதியின் சாப்பாட்டறையில் உட்கார்ந்தோம். தோசையை நூலாக வெட்டிப் போட்டது போல ஒரு சூப் வந்தது. ஃபோனுக்கு உயிர் வந்து, காலையிலிருந்து சேர்ந்த செய்திகள் மேசையை அதிரவைத்தன. பிறகு அண்ணனே அழைத்தார். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சபை நடவடிக்கைகள் பகிரங்கமாக இருக்க வேண்டும் அல்லவா.

"என்னடி, ஃபோன் வேலை செய்யேல்லை. உயிரோட இருக்கிறியோ?"

"இருக்கிறன், அண்ணை."

"ஐஸில ஏறினியோ?"

"ஏறினன். பாதியில திரும்பீட்டன்."

"நல்லது. ஆர் திரும்பச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

இப்படியொரு பதிலுக்கு அங்கே கோப்பு இல்லை.

"சரி, அதை விடு. வீட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்தாச்சோ? நான் இண்டைக்கு டிக்கெட் போடப்போறன். மகளும் கேக்கிறாள், மாமி எப்ப வாறா எண்டு."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

"நான் வரேல்லை, அண்ணை."

"ஏன், வேலையில விடமாட்டினமோ? அப்ப அடுத்த மாதம் பாப்பம்."

"அடுத்த மாதமும் வரேல்லை. வர ஏலும், அண்ணை. எனக்கு விருப்பமில்லை."

"விருப்பமில்லையோ? அப்ப பிள்ளையளை ஆர் பார்க்கிறது?"

"தெரியாது, அண்ணை. நீங்கள் ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

சாப்பாட்டறையில் ஒரு பவேரியக் குடும்பம் திரும்பிப் பார்க்குமளவுக்கு அண்ணனின் குரல் உயர்ந்தது. இவ்வளவு காலம் உனக்காக எவ்வளவு யோசித்தேன், எத்தனை இரவு விழித்தேன், தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று எல்லாம் வந்தது. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் வெட்டவுமில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை. கண்ணிலிருந்து விழுந்ததைத் துடைக்கவுமில்லை. கடைசியில் அவர் மூச்சு வாங்கி, வழக்குக்கு ஒரு குற்றவாளியைத் தேடினார்.

"இது உன்ர கதையில்லை. உந்த மேல்வீட்டுப் பென்ஷன்காரி சொல்லித் தந்ததுதானே?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை ஒருவர் இவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை, அண்ணை," என்றாள். "அவவும் உங்கட பக்கம்தான். ஐஸிலயும் எனக்காக அவதான் போகலாம் எண்டவ."

ஃபோனை வைத்தாள். நான் யார் பக்கமும் இல்லை, நடைமுறையை மட்டுமே எடுத்துச் சொன்னேன், அபிப்பிராயம் வேறு, தகவல் வேறு என்று விளக்குவதற்கு வாயைத் திறந்தேன்.

"சூப் ஆறுது, அக்கா. குடியுங்கோ."

குடித்தேன்.